கவிழ்த்துப் பார்த்த குப்பி

மலேசியாவின் சுபாங் ஜெயாவில் உள்ள எங்கள் ஆய்வுக்கூடத்தில் கவிதாவும் நானும் ஒரே தூளைச் சூடான எண்ணெயில் கரைத்து, குப்பிகளில் ஆறவைப்போம். ஆறும்போது மூலக்கூறுகள் தாமாகவே ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலையாகப் பின்னும். எண்ணெய் ஜெல்லாக உறையும். குப்பியைக் கவிழ்த்தாலும் விழாது.

அவளுடையது உறைந்தது. என்னுடையது ஒவ்வொரு முறையும் ஒழுகியது. நான் இல்லாத நேரத்தில் அவள் எதையோ கலக்கிறாள் என்றே நம்பினேன்.

"என் மேசைப் பக்கம் வந்தியா?"

"இல்லையே அண்ணே, ஏன்?"

அந்த 'ஏன்' கூட எனக்கு நடிப்பாகப் பட்டது.

கைப்பேசியை அலமாரியில் ஒளித்துவைத்து ஒரு மதியம் முழுக்கப் படம் பிடித்தேன். அவள் வரவேயில்லை. ஒரு கை மட்டும் திரும்பத் திரும்ப வந்து, உறையத் தொடங்கிய குப்பியைக் கவிழ்த்துப் பார்த்துக் கலைத்துவிட்டுப் போனது. அது என் கைதான்.

அவளிடமே காட்டினேன். எதற்காகப் படம் பிடித்தேன் என்பதையும் சொன்னேன். படத்தை மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு, "இன்னிக்காவது அத சும்மா விடுங்க லா," என்றாள்.

புதிதாகக் கரைத்து ஊற்றிய குப்பியைத் தொடாமல் கிள்ளானிலுள்ள வீட்டுக்குக் கிளம்பினேன். காலையில் அது என் மேசையில் தலைகீழாக நின்றது. ஒரு சொட்டும் இறங்கவில்லை. அவள்தான் கவிழ்த்து வைத்திருந்தாள். என் பொருளை அவள் தொட்டது அன்று எனக்குத் தவறாகவே படவில்லை.