கோடு போட்டு வெட்டிய ஒரு வரி

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். மாத்தளை டவுனில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் இயங்கும் ஒரு சின்ன சமூக சேவை நிறுவனத்தில் நான் வேலை செய்கிறேன். வசதி இல்லாத பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சி வகுப்பு நடத்துகிறோம். நிறுவனத்தை நடத்தும் எங்கள் சேர் அறிவித்தல்களை வேர்டில் டைப் செய்து தருவார். அவற்றை எங்கள் இணையத்தளத்தில் போடுவது அப்போது நான்கு வருடமாக என் பொறுப்பு.

அதில் எனக்குக் கர்வமும் உண்டு. வேர்டிலேயே 'வெப் பேஜ்' என்று சேமித்து, தலைப்புக்கு நிறம் கொடுத்து, சுற்றிவரப் பூ வேலை பார்டர் போட்டு, அரைநாள் மினக்கெடுவேன். அந்தப் பக்கம் போனில் திறப்பதற்குள் பிளேன்டீ ஆறிவிடுகிறது என்று ஆட்கள் சொல்வது காதில் விழும். சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அப்போதுதான் அவள் வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என்னைவிடப் பத்து வயது இளையவள். கணவருக்கு இங்கே மாற்றல் கிடைத்ததால் கூடவே வந்தவள். ஆறு மாதம் தற்காலிக வேலை, சேருக்குத் திருப்தி என்றால் நிரந்தரம். வந்த வாரமே ஓர் அறிவித்தலை அவளிடம் கொடுத்தார்கள். நிறமும் இல்லை, பூவும் இல்லை. தலைப்பு, பந்தி, பட்டியல், அவ்வளவுதான். இணையப் பக்கத்துக்குரிய எச்.டி.எம்.எல் குறிகளைக் கையாலேயே அடித்தாள். சேர் தன் போனில் தட்டிப் பார்த்துவிட்டு, “அட, டக்குன்னு தெறக்குதே!” என்றார். என் வேலையைப் பார்த்து ஒருநாளும் அவர் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அன்றிலிருந்து அவள் டீ குடிக்க எழுந்தாலும் எனக்கு ஆகாது, சிரித்தாலும் ஆகாது. குறை கண்டுபிடிக்க அவள் செய்த பக்கங்களை உள்ளே திறந்து திறந்து பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் வித்தை பிடிபட்டது. வேர்டில் இருப்பதை நோட்பேடில் போட்டால் அலங்காரமெல்லாம் உதிர்ந்து வெறும் எழுத்து மட்டும் நிற்கும். அதற்குக் குறிகளைப் போட்டால் முடிந்தது. இது நமக்கு வராதா என்று நினைத்தேன். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான்.

அடுத்து வந்தது தாதி உதவியாளர் பயிற்சிக்கான அறிவித்தல். நானே கேட்டு வாங்கினேன். பத்தே நிமிடத்தில் பக்கம் ரெடி. அவள் என் மேசைக்கு வந்து, “அக்கா, வேர்டில இருக்கிறதோட ஒருக்கா ஒப்பிட்டுப் பாக்கட்டே?” என்று கேட்டாள். தன் வேலையை அவள் அப்படித்தான் அச்செடுத்து, பென்சிலால் வரிவரியாகச் சரி பார்ப்பாள். எனக்கோ சுருக்கென்றது. “தேவயில்ல தங்கச்சி, நான் நாலு வருஷமா பாக்குற வேல” என்றேன். அவள் தன் மேசைக்குத் திரும்பிவிட்டாள்.

எங்கள் சேருக்கு ஒரு பழக்கம். எழுதியதை அழிக்க மாட்டார். வேண்டாத வரியின் மேல் கோடு போட்டு வெட்டிவிட்டு அப்படியே அனுப்புவார். என் பழைய முறையில் அந்தக் கோடும் கூடவே வரும், பார்த்து வரியை எடுத்துவிடுவேன். நோட்பேடில் கோடு உதிர்ந்துவிடும், வரி மட்டும் நிற்கும். இது எனக்கு உறைக்கவே இல்லை.

நேர்முகத் தேர்வுக்கு முதல்நாள் மத்தியானம் ஒரு அம்மா போன் செய்தார். “மிஸ், நான் சீகிரியாவுல ஹோட்டல்ல துணி தொவைக்கிற பக்கம் வேல செய்றேங்க. லீவு கெடைக்காதுன்னு மகளோட அப்ளிகேஷன தபால்லயே போட்டுட்டேன். கெடச்சிச்சுங்களா?”

தபாலில் எடுப்பதில்லையே, நேர்முகத் தேர்வுக்குப் பெற்றோருடன் வந்துதான் கொடுக்க வேண்டும் என்றேன். “நீங்கதானே மிஸ் அப்படிப் போட்டிருக்கீங்க” என்றார். திருப்பி எடுப்பதாகச் சொல்லி வைத்துவிட்டுப் பக்கத்தைத் திறந்தேன். 'நேரில் வர முடியாதவர்கள் விண்ணப்பத்தைத் தபாலிலும் அனுப்பலாம்.' வேர்டில் அதே வரி, நடுவே கோடு. போன் பேச்சைக் கேட்டு அவளும் எழுந்து வந்து பார்த்தாள். தபாலில் வருவதை எடுக்க வேண்டாம் என்று சேர் ஏற்கெனவே சொல்லியிருந்ததால், வந்த ஏழு உறைகளும் பிரிக்காமலே ஒரு தட்டில் கிடந்தன. ஏழு பிள்ளைகள். அடுத்த நாள் பெற்றோருடன் வராவிட்டால் அவ்வளவுதான்.

நானும் அவளும் உறைகளோடு சேரின் அறைக்குப் போனோம். அவள்தான் பேசினாள். “எங்கட பிழை சேர். நான் ஒப்பிட்டுப் பாத்திருக்கோணும்.” சேர் அவளைப் பார்த்து, “ஒங்கள நம்பி எப்படி வேலய குடுக்கிறது?” என்று கத்தினார். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் தலைகுனிந்து நின்றபோது எனக்குள் கொஞ்சம் சந்தோஷம் வந்தது. வேண்டும் அவளுக்கு என்றுகூட நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை.

பிறகு இருவரும் உட்கார்ந்து ஏழு வீட்டுக்கும் போன் எடுத்தோம். நாவுல என்ற ஊரில் ஒரு வீட்டில் போன் வேலை செய்யவில்லை. பக்கத்துக் கடைக்காரரின் நம்பரைத் தேடிப் பிடித்து அவள்தான் சொல்லி அனுப்பினாள்.

அடுத்த நாள் ஏழு பேரும் வந்துவிட்டார்கள். சீகிரியா அம்மா யாரிடமோ வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு, ஹோட்டல் யூனிபார்மோடே மகளைக் கூட்டி வந்திருந்தார். தேர்வு முடிந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நீங்க மட்டும் போன் கோல் எடுக்காட்டி எம்புள்ளைக்கு இது போயிருக்கும் மிஸ். நல்லா இருப்பீங்க.” அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நேராக சேரின் அறைக்குப் போனேன். “அவங்க சரி பாக்கட்டான்னு கேட்டாங்க சேர். நான்தான் வேணாம்னு சொன்னேன். தப்பு முழுக்க என்னுது” என்றேன். “இத நேத்தே சொல்லியிருக்கணும்” என்றார் சேர்.

அந்த அம்மாவின் மகளுக்கு இடம் கிடைத்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் வேலை நிரந்தரமாகிவிட்டது. இப்போது என் பக்கங்களை அவளும், அவள் பக்கங்களை நானும் பென்சிலோடு சரி பார்க்கிறோம். அவளுடைய வேகம்கூட எனக்குக் கொஞ்சம் வந்துவிட்டது. ஆனால் தன்னுடையதே இல்லாத பழியில் பாதியை ஏற்க அவளுக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது, என்னுடைய பழியை நான் ஏற்க ஒரு முழு நாள் தேவைப்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம், அவள் மேல் எனக்கு இன்றைக்கும் பொறாமையாகத்தான் இருக்கிறது.