எந்தப் பணி, மக்கா?

செய்தி வந்தபோது நான் செக்-இன் கவுண்டரில் இருந்தேன். வளைகுடாவுக்குப் போகிற ஒரு குடும்பத்தின் பெட்டி எடை கூடிவிட்டிருந்தது. அவர்கள் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, பலாக்காய் வற்றல் பொட்டலங்களைக் கைப்பைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பெட்டி ஏற்றும் சஜின் என் பின்பக்கம் வந்து நின்று, "ஸ்டெல்லா சேச்சி போயி" என்றான்.

"எங்கே?" என்று கேட்டேன்.

அன்று காலை அவர் ரயிலில் ஏறவில்லை. பாறசாலையில் ஏறியதும் வழக்கம்போல் பக்கத்து இருக்கையில் என் பையை வைத்து அவருக்காக இடம் பிடித்திருந்தேன். தனுவச்சபுரத்தில் வண்டி நின்றது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். யாரும் வந்து உட்காராமலே வண்டி கிளம்பியது. விடுப்பு எடுத்து எங்கோ போயிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். சஜின் முகத்தைப் பார்த்த பிறகே எனக்குப் புரிந்தது. அதற்குள் அந்தக் குடும்பம் பெட்டியைத் தூக்கி எடைமேடையில் வைத்துவிட்டது. எடை சரியாக இருந்தது. சீட்டை ஒட்டினேன். நல்ல பயணம் அமையட்டும் என்று சொன்னேன். அதை எந்தக் குரலில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

காலை ரயிலுக்குக் கிளம்பி, வாசலில் செருப்பை மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. ஐம்பதைத் தொடாத வயது.

நம் தொழிற்சங்க இதழில் இதை வாசிக்கிற நீங்கள் எல்லோரும் அவரோடு வேலை செய்தவர்கள். விமானம் இறங்கி, பயணிகள் வெளியேறியதும், துடைப்பமும் குப்பைப் பையுமாக முதலில் ஏறுகிற கூட்டத்தில் அவரைப் பார்த்திருப்பீர்கள். கடைசியாகச் சங்கத்தின் செயலாளராகவும் பார்த்தீர்கள். நான் அவரை அதிகமும் ரயிலில்தான் அறிந்தேன். எனவே ரயிலில் இருந்தே சொல்கிறேன்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் விமானம் புறப்படும் முன் ஒலிபெருக்கியில் மூன்று மொழியில் அறிவிப்பது என் வேலைகளில் ஒன்று. அது ஸ்டெல்லா அக்காவுக்குத் தீராத வேடிக்கை. "இவளுக்க வாயி மைக்குல ஆக்கும் இருக்கு. மைக்கக் கண்டா பேசுவா, மனுசனக் கண்டா பேசமாட்டா" என்று ரயிலில் எல்லோரிடமும் சொல்வார். ஒரு நாள் தன் சாப்பாட்டுக் கரண்டியை எடுத்து என் வாய்க்கு நேராக நீட்டி, "இப்ப சொல்லு மக்கா, காலையில என்ன தின்ன?" என்று கேட்டார். பெட்டி முழுவதும் சிரித்தது. புட்டு என்றேன். அதற்கும் சிரித்தார்கள். என்னைக் கேலி செய்தவர்கள் பலர் உண்டு. அந்தக் கேலிக்குப் பின் எனக்கு உட்கார இடம் கிடைத்தது அக்காவிடம் மட்டும்தான்.

என் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். இப்போது முதுகு ஒத்துழைப்பதில்லை. நான் வீட்டுக்கு வந்ததும் அம்மா என் கழுத்திலிருந்து விமான நிலைய நுழைவு அட்டையைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, ஆணியில் மாட்டுவாள். அந்த அட்டையில் என் படம் இருக்கிறது. படத்துக்குக் கீழே அது செல்லாமல் போகும் நாள் இருக்கிறது. நம்மில் தவணை ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் அந்த வரியின் கனம் தெரியும். வேலை நீட்டிக்கப்பட்டால் அட்டையும் நீளும். இல்லையென்றால் அந்த நாளுக்கு மறுநாள் வாசலில் நின்று உள்ளே பார்க்கலாம், அவ்வளவுதான்.

நிறுவனம் புதிய ஊதிய ஒப்பந்தத்தைக் கொண்டு வந்தபோது சங்கத் தேர்தலும் சேர்ந்து வந்தது. நிரந்தரத் தொழிலாளர்களுக்குச் சம்பள உயர்வு உண்டு. தவணைக்காரர்களுக்குத் 'தேவைக்கேற்ப' நீட்டிப்பு. அப்போது செயலாளராக இருந்த விஜயன் அண்ணன் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மறுத்தால் தரை வேலையை முழுவதும் வெளி நிறுவனத்திடம் கொடுத்துவிடுவார்கள், அவர்கள் தங்கள் ஆட்களைக் கொண்டு வருவார்கள் என்று அவர் பயந்தார். ஸ்டெல்லா அக்கா எதிர்த்து நின்றார். இப்போது இருக்கிற ஒவ்வொருவருக்கும் வேலை உறுதி என்று எழுதிய பிறகே கையெழுத்து என்றார். இரண்டு பேச்சையும் கேட்டுக்கொண்டு நான் அட்டையின் நாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் சரி என்று தோன்றியது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

தேர்தலுக்கு முன் நடந்த அந்தக் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். சரக்கு வாசலுக்கு வெளியே, வாகை மரத்தடியில், ஷிஃப்ட் மாறும் நேரம். அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறி நின்றார்.

"கையில ஒரு பேனாவத் தந்து ஒப்பு போடச் சொல்லுதாவ. போட்டா என்ன ஆகும்? நமக்குப் பணி கிட்டும்! நல்லாட்டு கிட்டும்!"

பெட்டி ஏற்றும் பையன்கள் விசில் அடித்தார்கள். தமிழ்நாட்டு எல்லையான களியக்காவிளைக்கு அப்பாலிருந்து வரும் துப்புரவுப் பெண்களும் அதே வேகத்தில் கைதட்டினார்கள். இரு பக்கமும் ஒரே வாக்கியத்துக்குக் கைதட்டியதைப் பார்த்து நான் கைதட்டுவதை நிறுத்திவிட்டேன். மலையாளம் பேசும் இளைஞர்களுக்குப் 'பணி கிட்டும்' என்றால் வசமாக மாட்டிக்கொள்வோம் என்று அர்த்தம். அக்கா அந்தப் பேச்சை அவர்களிடமிருந்துதான் பிடித்திருந்தார். தமிழ்ப் பக்கத்துப் பெண்களுக்கோ பணி என்றால் வேலை. அவர்களுக்கு அது வேலை கிடைக்கும் என்ற நற்செய்தி.

மறுநாள் ரயிலில் அது தெரிந்தது. குழித்துறையில் ஏறிவரும் ராஜம்மாள் அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். துப்புரவுப் பிரிவிலேயே மூத்தவர்.

"ஸ்டெல்லாவே சொல்லியாச்சே, ஒப்பு போட்டா பணி கிட்டும்னு. பின்ன எதுக்காக்கும் இந்தத் தேர்தல்? எல்லாரும் விஜயனுக்கே குத்திட்டு வேலையப் பாப்போம்" என்றார். பக்கத்துப் பெண்கள் தலையாட்டினார்கள்.

தனுவச்சபுரத்தில் அக்கா ஏறினார். ராஜம்மாள் அவர் கையைப் பிடித்து, "நல்ல காரியம் சொன்ன பிள்ளே, சண்டை இல்லாம முடிச்ச" என்றார். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் அவர் காதருகில் குனிந்து சொன்னேன். முதலில் அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த வரிசையில் உறங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள். சிரித்துக் கண்ணைத் துடைத்தவர் துடைத்த கையை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"எத்தற பேரு அப்பிடிக் கேட்டிருப்பாவ?" என்றார் மெதுவாக.

"தமிழ்ப் பக்கம் முழுக்க இருக்கும் அக்கா."

"நான் சொன்னத தமிழ்ல எப்பிடிச் சொல்லணும்?"

"ஆப்பு வைப்பாங்கன்னு சொல்லலாம்."

அவர் கையை எடுத்தார். "ஆப்பு. அது மலையாளத்திலயும் ஆப்பு தானே?" என்றார். பிறகு ராஜம்மாள் பக்கம் திரும்பி, "அக்கா, நான் சொன்னது அந்தப் பணி இல்ல. ஒப்பு போட்டா ஆப்பு. கேட்டீளா? ஒப்பு போட்டா ஆப்பு" என்றார்.

ராஜம்மாள் அவர் தோளில் ஓங்கித் தட்டினார். "அத நேத்தே சொல்லப்பிடாதா நாசமாப் போறவளே! நான் எங்க வீட்டுல எல்லாருட்டயும் சொல்லி, பாயசமும் வச்சாச்சு!"

நெய்யாற்றின்கரை வருவதற்குள் அந்த மூன்று சொற்களும் பெட்டியின் மறுமுனைக்குப் போய்விட்டன. தேர்தல் முடியும்வரை அவை நம் எல்லோர் வாயிலும் இருந்தன. அதற்குப் பிறகு யாராவது இனிப்பாக ஒரு வார்த்தை சொன்னால் அக்கா உடனே, "எந்தப் பணி மக்கா? வேலையா, ஆப்பா?" என்று கேட்பது வழக்கமாயிற்று. கேன்டீனில் வடை சூடாக இருக்கிறது என்றாலும் கேட்பார்.

அதே கேன்டீனில்தான் விஜயன் அண்ணன் எல்லோர் முன்னிலும் சொன்னார்: "ஸ்டெல்லாவுக்கு எந்த ஆப்பும் இல்ல. அவ நிரந்தரம். தோத்தாலும் ஜெயிச்சாலும் அவளுக்குச் சம்பளம் உண்டு. பணயம் வைக்கிறது இந்தக் கொச்சுப் பிள்ளைகளுக்க வேலைய." அவர் கை நான் உட்கார்ந்திருந்த மேசையைக் காட்டியது. அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆமா அண்ணா, எனக்கு ஒண்ணும் போகாது. அதனாலயாக்கும் நான் பேசுதேன். வேலை போகுதவ பேசினா மறுநாளு வாசல்ல அவளுக்க அட்டை வேலை செய்யாது."

நான் தட்டைப் பார்த்தபடி இருந்தேன்.

அக்கா ஜெயித்தார். அந்த வாரமே நிறுவனம், ஒப்பந்தம் முடியும்வரை தவணைக்காரர் எவருக்கும் நீட்டிப்பு இல்லை என்று அறிவித்தது. எல்லோருடைய நீட்டிப்போடு என்னுடையதும் நின்றுபோனது. கவுண்டரில் பயணிகள் என் அட்டையைப் பார்ப்பதில்லை, எனக்குத்தான் அதைப் பார்க்க முடியாமல் போயிற்று. அதைப் படம் உள்பக்கமாக இருக்கும்படி மறித்துப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். காவலர்கள் அதட்டும்போது திருப்புவேன், பிறகு மறுபடி மறிப்பேன்.

"எதுக்காக்கும் மறிச்சுப் போட்டிருக்க?" என்று ரயிலில் அக்கா கேட்டார். அவரே அட்டையைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நம் எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சத்தமான ஸ்டெல்லா அக்கா அன்று பாலராமபுரம்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையைப் பிடித்திருந்த அவர் கை குளிர்ந்திருந்தது. பிறகு சொன்னார்: "எனக்கும் பயம் உண்டு மக்கா. ராத்திரி கண்ண மூடினா உங்க பேரெல்லாம் வரிசையா வருது."

இறங்கும் முன், "நீ எனக்கு ஓட்டுப் போட்டியா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டித் தடுத்தார். "சொல்லாண்டாம். பயம் உள்ளவளுக்காக ஆக்கும் ஒப்பந்தம். பயம் இல்லாதவனுக்கு எதுக்கு அது?" யாருக்குப் போட்டேன் என்பதை அதன் பிறகு அவர் கேட்கவில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை.

குளத்தூரில் அவர் சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. பெட்டியைச் சுமந்தவர்களில் விஜயன் அண்ணனும் ஒருவர். மண் போட்ட பிறகு என் அருகில் வந்து நின்று, நிறுவனத்துடனான முதல் பேச்சுவார்த்தையில் நடந்ததைச் சொன்னார். பழைய செயலாளர் என்ற முறையில் அவரும் அந்த மேசையில் இருந்தார். அதிகாரி ஒப்பந்தத்தின் தமிழாக்கத்தைக் காட்டி, 'தேவைக்கேற்பப் பணி நீட்டிப்பு' என்று தெளிவாகத்தானே எழுதியிருக்கிறது என்றாராம். அக்கா கேட்டாராம்: "சார், இது எந்தப் பணி? வேலையா, ஆப்பா? எதை நீட்டப் போறீங்க?" வடக்கிலிருந்து வந்த அந்த அதிகாரிக்குப் புரியவில்லை. விஜயன் அண்ணன்தான் அடக்க முடியாமல் சிரித்து, விளக்கியும் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு, அந்த வரியை மறுபடி பார்க்கலாம் என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். எழுத்தில் தரவில்லை.

"அவ கேட்டது தப்பில்ல கொச்சே" என்றார் விஜயன் அண்ணன். "எனக்கு இப்பவும் பயம்தான். ஆனா அவ கேட்டது தப்பில்ல." கையிலிருந்த மண்ணைத் தட்டாமல் நின்றார்.

அக்கா ஒரு நிபந்தனையை மட்டும் எழுத்தில் வாங்கியிருந்தார். கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியும் தமிழிலும் மலையாளத்திலும் உறுப்பினர்கள் முன் ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட வேண்டும். வாகை மரத்தடியில் ஒரு சொல்லால் பட்ட பாடு அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தது. வாசிக்க என் பெயரை அவர் யாரையும் கேட்காமல் கொடுத்திருக்கிறார். என்னையும் கேட்கவில்லை. அடக்கத்துக்குப் பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அந்தக் கூட்டம் அடுத்த வாரம். என் நீட்டிப்பைக் கையில் வைத்திருக்கும் அதிகாரிகள் முன்வரிசையில் இருப்பார்கள். என் அட்டையின் நாளும் அதே வாரத்தில்தான் வருகிறது. வீட்டில் சொல்லவில்லை. அம்மா இன்னும் அதைத் துடைத்து ஆணியில் மாட்டுகிறாள்.

காலையில் ரயிலில் இப்போதும் பக்கத்து இருக்கையில் பையை வைக்கிறேன். தனுவச்சபுரத்தில் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். யாராவது உட்காருகிறார்கள். ராஜம்மாள் அக்கா எதிரிலிருந்து அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

அவருடைய தைரியம் என்னிடம் இல்லை. அவருக்கும் அது முழுதாக இருந்ததில்லை என்று அந்தக் குளிர்ந்த கையிலிருந்து தெரிந்துகொண்டேன். என்னிடம் இருப்பது அவருடைய ஒரு கேள்வி மட்டும்தான். அடுத்த வாரம் அட்டையை நேராகப் போட்டுக்கொண்டு மைக் முன் நிற்பேன். 'தேவைக்கேற்பப் பணி நீட்டிப்பு' என்ற வரி இன்னும் அப்படியே இருந்தால் அதை வாசிப்பேன், அங்கே நிறுத்துவேன். பிறகு இரண்டு மொழியிலும் கேட்பேன்: இது எந்தப் பணி?