வாசலில் நின்றவருக்கு முதல் பழம்

எங்கள் பழக்கடையின் மேல்தட்டில், ஓரத்தில் நீலக்கோடு ஓடும் ஒரு பீங்கான் தட்டு இருக்கிறது. விளிம்பு உடைந்த தட்டு. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைத் தூக்கி எறியப் பார்ப்பார்கள், என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அது ராத்தாவின் தட்டு. முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். கோயில் வீதியில் பிறந்து இந்தக் கடைக்கு வேலைக்கு வந்த எனக்கும் மாத்தளைக் கடைத்தெருவுக்கும் அந்த முதலாளியம்மா ராத்தாதான். கடலுக்கு அப்பாலிருந்து தோடம்பழம், அதாவது ஆரஞ்சு, இறக்குவித்து, வடக்கே நாலந்தா வரைக்கும் கடைகளுக்குக் கொடுத்தார். புதுச் சரக்கு வந்தால் அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொல்லி முதல் பெட்டியைத் திறப்பார். பொறுக்கிப் பார்க்காமல், மேலே கிடக்கும் பழத்தை எடுத்துத் தட்டில் வைப்பார். அது அந்த நேரத்தில் வாசலில் நிற்பவருக்கு, அவர் லொறி டிரைவரானாலும் சரி, எதிர்க்கடைப் போட்டிக்காரரானாலும் சரி.

ஒரு வருஷம் நோன்பு மாத வியாபாரத்துக்காக, கடையின் முதல் முழுவதையும் போட்டு ஒரு கொள்கலன் பழம் எடுப்பித்தார். அது போனால் கடையும் போகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கப்பல் நேரத்துக்கு வந்தது. பழத்தில் பூச்சி இருக்கிறதா என்று துறைமுகத்தில் பார்க்கும் பரிசோதனைதான் வரவில்லை. பார்க்க வேண்டியவர் லீவில், கையெழுத்துப் போட வேண்டியவர் கூட்டத்தில். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று என் அம்மா சொல்வது சும்மா இல்லை. நோன்பும் தொடங்கிவிட்டது. நாங்கள் போன் அடித்தே ஓய்ந்தோம். கடைசியில் அரை மணி நேரத்தில் பார்த்து முடித்தார்களாம், ஒரு பூச்சிகூட இல்லையாம். விட்டார்கள்.

லொறி வந்து முதல் பெட்டியைத் திறந்தபோது அடித்த வாடையை இன்றைக்கும் மறக்கவில்லை. மேலே கிடந்த பழத்தில் பச்சைப் பூஞ்சை. கீழே கிடந்தவையும் அப்படித்தான். நல்லதைப் பிரித்து, மற்றதை ஜூஸ் கடைக்குத் தள்ளிவிடலாம் என்று ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். ராத்தாவோ அந்தப் பூஞ்சைப் பழத்தை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"முதல் பழம் வாசல்ல நிக்கிறவங்களுக்குத்தானே? இத்தனை நாளா நம்ம வாசல மறிச்சிக்கிட்டு நின்னது யாரு? அவருக்குத்தான் இது. வா புள்ள, கொழும்புக்குப் போவோம்."

போனோம். பஸ்ஸில் மடியில் தட்டு, அதன் மேல் ஒரு கைக்குட்டை. பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். "நல்லதாப் போச்சு, காலை நீட்டிக்க" என்றார் ராத்தா. அலுவலகத்தில், கையெழுத்துப் போட வேண்டிய அந்த அதிகாரியின் மேசையில் தட்டை வைத்து, எங்கள் வழக்கத்தை நல்ல சிங்களத்தில் மரியாதையாக விளக்கினார். சட்டப்படிதான் செய்தோம் என்றார் அவர். ராத்தா சிரித்தார். சட்டம் பூச்சியைத்தான் பார்க்கச் சொல்கிறது, பழத்தை அழுகவைக்கச் சொல்லவில்லை. பூச்சி இருந்தால் என் கண் முன்னாலேயே கொளுத்துங்கள், ஆனால் வந்த கையோடு பாருங்கள் என்றார். எடுத்துக்கொண்டு போகச் சொன்னார் அதிகாரி. ராத்தா தட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். பழம் மேசையிலேயே இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ராத்தா ஒரு பழத்தையும் விற்கவில்லை. அவருடைய பலாபத்வல வீட்டுத் தோட்டத்தில் குழி வெட்டி எல்லாவற்றையும் புதைத்தோம். கடையின் பாதியை வாடகைக்கு விட்டோம். ஊர் சிரித்தது. "கடையை மூடினாலும் மூடுவேன், வாயை மூட மாட்டேன்" என்றார். கடன் சொல்லி எடுத்த அடுத்த கொள்கலன் வந்த மறுநாளே வெளியே வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்குத் தெரியும்.

ராத்தா மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார், கடை இப்போது என் பொறுப்பில். இந்த வாரம் மறுபடியும் எங்கள் கொள்கலன் துறைமுகத்தில் நிற்கிறது. அந்த அதிகாரி ஓய்வுபெற்றுவிட்டார், அவருடைய பழக்கம் ஓய்வுபெறவில்லை. பொறுமையாக இன்னொரு மின்னஞ்சல் அனுப்பலாம் என்கிறார் கணக்குப்பிள்ளை. நான் தட்டை இறக்கித் துடைத்துவிட்டேன். பழம் அழுகும்வரை ராத்தா காத்திருக்க வேண்டி வந்தது. நான் காத்திருக்கப்போவதில்லை. நாளைக் காலை வெறுந்தட்டோடுதான் பஸ் ஏறுகிறேன். பெட்டியைத் திறந்து பார்த்து, முதல் பழத்தை அவர்களே எடுத்து இதில் வைக்கட்டும்.