பன்னத்துக்குள் மறைந்த மர அடி

காட்டை அளக்கக் காட்டுக்குள் போகவேண்டியதில்லை என்று நம்புகிறவர்கள் இந்த நகரத்தில் பெருகிவிட்டார்கள். விமானத்திலிருந்து லேசர் கதிரை இறக்குவார்கள். அது மரத்தின் உச்சியில் பட்டு ஒருமுறையும் நிலத்தில் பட்டு ஒருமுறையும் திரும்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே மரத்தின் உயரம். விமானம் பறப்பது காட்டின் சில நீண்ட பட்டைகளின் மேல் மட்டுந்தான். மீதிக் காட்டைச் செய்மதியின் ரேடார் பதிவுகளைக் கொண்டு கணினி நிரப்பிவிடும். கடைசியில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு வரைபடம் வரும். அதற்குக் கைதட்டுவார்கள்.

நான் நில அளவையில் உழைத்து ஓய்வுபெற்றவன். நகரின் ஓரத்து இல்ஃபோர்டிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு காட்டுக்கு அத்தகைய வரைபடம் செய்த சிறு நிறுவனம், அதைத் தரையில் சரிபார்த்துக் கையொப்பமிட என்னை அழைத்தது. நான் கையொப்பமிட்ட எந்த அளவும் அதுவரை திருத்தப்பட்டதில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது அந்தப் பெயர்தான்.

திட்டத்தை நடத்தியவர் லூயிஷாமில் வசிக்கும் யாழ்ப்பாணத்தவர். வயது நாற்பது இருக்கும். மூன்று திரைகளுக்கு முன்னால் இருந்தபடியே காட்டை ஆண்டவர். ஆகஸ்டில் காட்டு வாசலில் என்னைக் கண்டதும் சிரித்தார்.

“என்ன ஐயா, டையும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறியள்? மரத்துக்குக் கலியாணமே?”

“அளக்க வந்தனான், தம்பி. உம்மைப்போல கதிரையில இருந்து மரம் பாக்க எனக்குத் தெரியாது.”

பாதையில் நின்றபடி, மரத்துக்கான தூரத்தை அவருடைய கைக்கருவியால் எடுத்தேன். பிறகு கோணம் காட்டும் சாய்வுமானியால் உச்சியையும் அடியையும் நோக்கினேன். ஆனால் ஓக் மரங்களின் அடி தெரியவில்லை. பன்னம் என்கிற பெரணிப் புதர் எங்கும் அடர்ந்து மூடியிருந்தது. இறங்கிப்போய் அடியில் ஒரு கோலை நட்டிருக்க வேண்டும். புதரில் உண்ணி இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் அஞ்சியது மெருகேற்றிய சப்பாத்து அழுக்காகிவிடுமே என்றுதான். பன்னம் முழங்காலளவுதான் இருக்கும் என்று என் வசதிக்கு முடிவுசெய்து, அதன் மேல் தண்டு தெரிந்த இடத்தையே அடியாகக் கொண்டேன். முதல் ஓக்கில் அந்த இடத்தில் ஒரு முடிச்சு இருந்தது. அதைக் குறிப்பேட்டில் எழுதினேன்.

என் எண்களும் வரைபடத்தின் எண்களும் அப்படியே பொருந்தின. “பாத்தியளே, ஐயா?” என்றார். இயந்திரம் ஒருவழியாக என் தரத்துக்கு வந்துவிட்டது என்று எண்ணிக் கையொப்பமிட்டேன்.

ஜனவரியில் அதே பாதையில் நடந்தபோது பன்னம் பழுப்பேறித் தரையோடு படிந்து கிடந்தது. பாதைக்கு அப்பால் நிலம் சரிந்து தாழ்வது அப்போதுதான் கண்ணில் பட்டது. இறங்கி முதல் ஓக்கின் அருகே போனேன். நான் அடியென்று எழுதிய முடிச்சு என் தலைக்கு மேலே இருந்தது.

லேசரும் அதைத்தான் செய்திருந்தது. அடர்ந்த பன்னத்தின் மேற்பரப்பை நிலமென்று எடுத்துக்கொண்டது. ரேடார் அந்தப் பிழையைக் காடு முழுவதும் பரப்பியது. உள்ளே இறங்காத இருவர் ஒத்துப்போனதற்குச் சரிபார்ப்பு என்று பெயரிட்டு நான் கையொப்பமிட்டிருந்தேன்.

திட்டத்தை நடத்தியவரிடம் தொலைபேசியில் சொன்னேன்.

“ரெண்டு மீற்றர்தானே, ஐயா. ஆருக்குத் தெரியப்போகுது? நீங்களும் அதைத்தானே அளந்தனீங்கள்?”

“ஓம். அதுதான் வெக்கக்கேடு.”

“கடிதம் எழுதினா உங்கட பேர்தான் கெடும்.”

“அது என்ர பேர், தம்பி. நான் எழுதத்தான் போறன்.”

கையொப்பத்தைத் திரும்பப் பெற்றுக் காட்டு நிர்வாகத்துக்கும் நிறுவனத்துக்கும் எழுதினேன். காரணத்தை முதலில் ‘தாவர அடர்த்தி’ என்று எழுதியிருந்தேன். அந்தக் கோழைத்தனத்தை அடித்துவிட்டு, ‘நான் பாதையை விட்டு இறங்கவில்லை’ என்று எழுதினேன்.

அதன்பின் அவர்கள் என்னை அழைக்கவில்லை. திருத்திய வரைபடம் வெளிவந்தபோது, சரிபார்த்தவர் என்ற இடத்தில் வேறொருவரின் பெயர் இருந்தது. அவராவது உள்ளே இறங்கினாரா என்று லூயிஷாம்காரரிடம் கேட்டேன்.

“மழை, ஐயா. ஆள் வரைபடத்தைப் பாத்துத்தான் சைன் வைச்சவர்.”