திருடனுக்கு வைத்த தாவல்

டீயைக் குடிப்பதற்கு முன், அது வந்த விதத்தைப் பார்த்துவிடுவார் இருதய அருண். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சிசிடிவி கேமரா விற்று, மாட்டியும் கொடுக்கிற கடை அவருடையது. டீ கொண்டுவந்தவரை வாசல் கேமராவில் பின்னோக்கி ஓட்டிப் பார்த்து, "விரலு உள்ள போவல, குடிக்கலாம் சார்" என்று எனக்கும் அனுமதி கொடுப்பார். அதற்குள் டீ ஆறிப்போயிருக்கும்.

ஊருக்கெல்லாம் கேமரா மாட்டுகிறவர், தன் லேப்டாப் கேமரா மேல் மட்டும் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார். அந்த லேப்டாப்புக்குள் ஒரு தவளை இருக்கிறது. யாரும் சீந்தாத பழைய வீடியோ கேம். குடை பிடித்த தவளை கோபுரம் ஏற வேண்டும். அருண் அதைக் கையால் ஆடுவதில்லை. ஒரு நொடியை அறுபது படமாக நிறுத்தி, எந்தப் படத்தில் எந்தப் பட்டன் என்று குறித்து வைப்பார். பிறகு கம்ப்யூட்டரே அதை ஆடிக் காட்டும். மனிதக் கைக்கு எட்டாத வேகம். இதற்கென்றே இருக்கிற ஓர் இணையதளத்தில், மிகக் குறைந்த நேரத்தில் முடித்தவர் என்று இந்தத் தவளைக்கு நேரே பல வருஷமாக இவர் பெயர்தான்.

"இது ஏமாற்று வேலை இல்லையா?" என்று கேட்டேன்.

"மிஷின்ல செஞ்சதுன்னு சொல்லிட்டுத்தான சார் செய்யறோம். சொல்லாம செஞ்சாத்தான் ஏமாத்து."

அவர் மனைவி அக்னஸ், முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "பாஸ்வேர்டு அடிக்கறப்ப என்னியவே மொகத்த திருப்பிக்கச் சொல்றாருங்க. அந்தத் தவளைய மட்டும் நம்பிக்கினு கெடக்குறாரு" என்றார்.

தவளையையும் அவர் சும்மா விடவில்லை. ஐந்தாவது மாடியில் கதவு திறக்கும்வரை அது நின்றாக வேண்டும். அங்கே ஆரம்பத்திலேயே வேண்டுமென்று ஒரு வெட்டித் தாவலைச் சேர்த்திருந்தார். "புரிஞ்சி செய்யறவன் அந்த ஜம்ப்ப போடமாட்டான். காப்பி அடிக்கிறவன் போட்டுட்டு மாட்டிப்பான்."

போன வாரம் ஒருவன் மாட்டினான். எந்த நாட்டுக்காரனோ, இவரைவிட அரை நொடி வேகமாக முடித்து அனுப்பியிருந்தான். ஐந்தாவது மாடியில் அதே தாவல். அருணின் பெயரை எங்கேயும் சொல்லவில்லை. அந்த இணையதளத்தின் நடுவர்கள் ஏற்றுக்கொண்டால் இவர் பெயர் போய்விடும். அருணுக்குச் சோறு இறங்கவில்லை. திருட்டு என்று புகார் எழுதி வைத்துவிட்டு என்னைச் சாட்சிக்கு உட்கார வைத்தார்.

"வெத்து ஜம்ப்பு சார். எடுத்துட்டா ஒன்னும் ஆவாது, பாருங்க."

எடுத்துவிட்டு ஓட்டினார். கதவு திறந்தது. எப்போதும் ஓரமாகப் பறந்துபோகிற வௌவால் நேராக வந்து தவளையை அடித்துத் தள்ளியது. மறுபடி ஓட்டினார். மறுபடியும் வௌவால். தவளை எப்போது தாவுகிறது என்பதை வைத்துத்தான் வௌவாலின் போக்கை அந்த கேம் முடிவு செய்கிறதாம். இத்தனை வருஷத்தில் அருண் அந்தத் தாவலை எடுத்துப் பார்த்ததே இல்லை.

"அப்ப அவன் காப்பி அடிச்சானா, கண்டுபுடிச்சானா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். எனக்குப் பாவமாக இருந்தது.

பிறகு புகாரை அழித்தார். தாவலைத் திரும்பச் சேர்த்து, ஒரு படம் முன்னால் நகர்த்தி ஓட்டினார். இன்னும் ஒன்று நகர்த்தினார். இந்த முறை வௌவால் வரவே இல்லை. தவளை எங்கும் ஒதுங்காமல் விறுவிறுவென்று, முன்னைவிடச் சீக்கிரமாக மேலே ஏறிப் போயிற்று.

நான் ஆசையோடு நாற்காலியை முன்னால் இழுத்தேன். அருண் என் சட்டைப் பையில் இருந்த செல்போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லேப்டாப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.