கொன்ஸ்ரன்ரைனின் நாய்

தம்பி கொன்ஸ்ரன்ரைன் மன்னாரில் செத்தபோது எமிலியானா இத்தாலியில், பலெர்மோவில் இருந்தாள். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி புதுப்பிக்கக் கொடுத்துக் கிடந்தது. போனால் திரும்பி வரமுடியாது. சரி, இருந்த இடத்திலேயே அழுவோம் என்று வாயைத் திறந்தாள். முதல் வரி முடிவதற்குள் கீழ்வீட்டுக்காரர் ஏறிவந்து கதவைத் தட்டிவிட்டார். கணவன் அலோசியஸ் அவள் வாயைப் பொத்தினான். உடன்பிறந்தவனை ஒப்பாரி சொல்லி அனுப்பவில்லையே என்ற குறை அன்றிலிருந்து அவளை அரித்தது.

ஒரேத்தோ தெருவில் அவள் துப்புரவு செய்யும் ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒரு பங்க் இசைக்குழு ஐரிஷ் பாட்டு ஆல்பம் போட்டுக்கொண்டிருந்தது. பிடில், அக்கோர்டியன், காட்டுக்கத்தல். அயர்லாந்தை ஒருவனும் கண்ணால் கண்டதில்லை, அது வேறு கதை. கடலில் செத்த ஷேமஸ் என்ற மாலுமியின் பாட்டுக்கு அழ ஆள் வேண்டியிருந்தது. பாடகன் சால்வோ அழுதால் பல்வலிக்காரன் முனகுவதுபோல இருந்தது. அவன் தரை துடைத்துக்கொண்டிருந்த எமிலியானாவை அழுதுதரச் சொல்லிக் கேட்டான்.

“நான் அவருக்கு என்ன முறை?” என்றாள் அவள்.

சால்வோ விழித்தான். முறை தெரியாமல் எப்படி அழுவது? மனைவி அழுவது ஒரு மாதிரி, தாய் அழுவது வேறு மாதிரி. குழு வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டுக் கூடிப் பேசியது. கடைசியில் அக்கா என்று முடிவாயிற்று.

“வேறை ஆர் இருக்கினம் அவருக்கு?”

மேளக்காரன் நன்றாக யோசித்து, ஒரு நொண்டி நாய் என்றான்.

சுவரெல்லாம் பஞ்சு, கதவைச் சாத்தினால் சத்தம் வெளியே போகாது. எமிலியானா கொண்டையை அவிழ்த்தாள். ஷேமஸ் இரண்டு வரிதான் தாங்கினான். மூன்றாம் வரியில், “என்ரை கொன்ஸ்ரன்ரைனே, எங்கடை கடைக்குட்டியே” என்று வந்துவிட்டது. பொத்திவைத்ததெல்லாம் வந்தது. அவள் ஓய்ந்தபோது மேளக்காரனும் அழுதுகொண்டிருந்தான், அந்த நாயை நினைத்து.

விஷயம் அறிந்த சால்வோ மாலுமியின் பெயரைக் கொன்ஸ்ரன்ரைன் என்றே மாற்றினான். நாயை மட்டும் பாட்டிலிருந்து எடுக்கமாட்டானாம். தம்பிக்கு நாயென்றால் பயம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பலனில்லை.

வெளியீட்டன்று பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்து மதுச்சாலை நிரம்பி வழிந்தது. உடம்பெல்லாம் பச்சை குத்திய இளைஞர்கள் பியர்க் கிளாசைத் தூக்கித் தம்பியின் பெயரைக் கூரை அதிரக் கத்தினார்கள்.

“இஞ்சேர், இதிலை ஒருத்தருக்கும் அவனை ஆரெண்டு தெரியாது,” என்றான் அலோசியஸ்.

“ஓம். ஆனா அங்கை செத்தவீட்டுக்கு இவ்வளவு சனம் வரேல்லை.”

தம்பிக்காக வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பலாமா? பொரித்துக் கொண்டுவந்த றோல்ஸ் பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் நீட்டினாள். மேளக்காரன் இரண்டு எடுத்தான். ஒன்று நாய்க்காம்.

எமிலியானா தம்பியின் பங்கென்று மூன்றாவதையும் எடுத்து அவன் கையில் வைத்தாள்.