முருங்கையடி ஆர்கிட்

தரையில் முளைக்கிற ஆர்கிட்டை வளர்க்கப் பொறுமை வேண்டும் என்பார்கள். பொறுமையா? சும்மா இருக்கத் தெரிந்தால் போதும். எனக்கு அதுதான் வராது.

எண்ணூர்ப் பக்கம் தண்டவாள வேலைக்குப் போன என் வீட்டுக்காரர், புதர் வெட்டும்போது கிடைத்த நாலு கிழங்கைத் துண்டில் முடிந்து கொண்டுவந்தார். அங்கே மேற்பார்வை பார்த்த துரை சொன்னதுதான் ஆர்கிட் என்ற பெயர். "பூ அம்மாம் சோக்கா கீது. உனக்குன்னு எட்த்தாந்தேன்" என்றார்.

திருவொற்றியூரில் எங்கள் கொல்லை முழுக்கக் கடல்மணல். முருங்கையடியில் செங்கல் தூளும் மக்கிய இலையும் கலந்து, கிழங்கின் தலை வெளியே தெரியும்படி நட்டேன். முருங்கைக்கு ஊற்றுகிற மாதிரி மீன் கழுவின தண்ணீரை இதற்கும் ஊற்றியதில் ஒன்று அழுகிவிட்டது. மிச்சம் மூன்றும் ஐப்பசி மழையில் இலை விட்டன. மார்கழியில் இலை காய்ந்து உதிர்ந்தது. அப்போது கிழங்கு உயிரோடு தூங்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது.

எனக்குப் பிள்ளை இல்லை. நாத்தனார், அவருடைய அக்கா, வரும்போதெல்லாம் அதைச் சொல்லிக் குத்துவாள். இவர் வாயே திறக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். அவள் பேச்சைக்கூடத் தாங்கிக்கொண்டேன், இவர் மௌனத்தைத் தாங்க முடியவில்லை.

போகியன்று வீட்டைச் சுத்தம் செய்ய அவள் வந்தாள். பழையதைக் கழிக்கிற நாளாயிற்றே, கொல்லையிலும் கை வைத்துவிட்டாள். நான் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் கிழங்குகள் குப்பையில் கிடந்தன.

"இன்னாமே, பட்டுப்போனத வூட்ல வெச்சிக்கினு கீற? உன் ராசி அப்டி!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கையை எடு அண்ணி!" என்று கத்தினேன். சத்தம் கேட்டு அவர் வந்தார். இந்த முறையும் ஊமையாக நின்றால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது, திரும்புவதில்லை என்று அங்கேயே முடிவுசெய்தேன்.

அவர் குந்தி உட்கார்ந்து கிழங்குகளைப் பொறுக்கினார். வேட்டியில் மண்ணைத் துடைத்தார்.

"இதுல உசிர் கீது அக்கா."

"கீதுன்னு நீ கண்டியா?"

"இல்லாங்காட்டி போவுது. பூக்கலைன்னாலும் இது எங்க வூட்டுது. இவளும் அப்டித்தான். புள்ள இல்லன்னு இனிமே ஒரு வார்த்த பேசாத."

நாத்தனார் முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள். நான் அழுதேன், வெட்கமில்லாமல், அக்கம்பக்கம் பார்க்க.

அது பூக்கிற மாதம் மாசி, ஆனால் அந்த மாசியில் ஒன்றும் பூக்கவில்லை. அவர் தினமும் வேலைக்குக் கிளம்புமுன் குனிந்து பார்த்துவிட்டு, தான் ஏதோ தப்பு செய்தவர் போல என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

"பூக்காட்டி போவட்டும்யா, சாப்புட வா" என்பேன்.